எல்லாம் நோர்மல் என்கிறார்கள், ஆனால் அவர் மெலிந்துகொண்டே போகிறார்

வலிகாமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கேள்விக்கு இது பதில். அவருடைய கணவருக்கு 44 வயது. வெங்காயமும் புகையிலையும் செய்கிற தோட்டக்காரர். ஒரு வருடத்துக்கு மேலாகச் சோர்வு. உடுப்புகள் தொளதொளத்துப் போகுமளவுக்கு மெலிந்துவிட்டார். காலையில் பாயை விட்டு எழுந்தால் தலை சுற்றுகிறது. சாப்பாட்டைக் கண்டால் ஓங்காளம் வருகிறது. இரத்தம், சிறுநீர், இதய எக்கோ, வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்த்தது என்று எல்லாம் செய்தாயிற்று, எல்லாமே நோர்மல். கடைசியாகக் காட்டிய வைத்தியர் மன அழுத்தம் என்று சொல்லி நித்திரைக் குளிசை எழுதிக் கொடுத்திருக்கிறார். மாமியார் செய்வினை என்கிறார். கனடாவிலுள்ள மைத்துனர் இந்தியாவுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். கணவர் யாருடனும் பேசுவதில்லை. "என்ன வருத்தம் என்று தெரிந்தாலாவது தாங்கிக்கொள்வேன், தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை" என்று சகோதரி முடித்திருக்கிறார்.

அரச வைத்தியசாலைகளில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன், சகோதரி. இரண்டாம் தடவை வாசித்தபோது, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன இரண்டு வரிகளில் என் கண் நின்றது. ஒன்று, "வெயிலுக்குள் நிற்பதால் ஆள் நல்லாகக் கறுத்துவிட்டார்" என்பது. மற்றது, முன்பு உப்புக் குறைத்துச் சாப்பிட்டவர் இப்போது கஞ்சிக்கும் ஊறுகாய் கேட்கிறார், உப்பைத் தனியாக அள்ளிப் போட்டுக்கொள்கிறார் என்பது. இவ்வளவு காலமும் நீங்கள் பார்த்த வைத்தியர்களில் யாருக்காவது இந்த இரண்டையும் சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டதில் குற்றமில்லை; கறுப்பதும் உப்புக் கேட்பதும் வருத்தம் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் என் பதில் முழுவதும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. பெயர் தெரியாத ஒரு வருத்தத்தைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் உதவுவது இன்னொரு ஸ்கான் அல்ல. நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்து நாள்தோறும் பார்ப்பவர், விடுபடாமல் ஒழுங்காகச் சொல்லும் கதைதான்.

முதலில் "எல்லாம் நோர்மல்" என்பதன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு பரிசோதனை, அதனிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். இரத்தக் கலங்களின் எண்ணிக்கை, சீனி, கொழுப்பு, ஈரல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் ஆகியவை நோர்மலாக இருந்தால் அந்த உறுப்புகளில் பெரிய பழுது இல்லை என்று அறியலாம், அவ்வளவுதான். தைரொயிட் சுரப்பியைப் பற்றியோ விற்றமின் பி12 பற்றியோ அதிரினல் சுரப்பியைப் பற்றியோ அந்தத் தாள்கள் ஒரு வார்த்தையும் பேசமாட்டா. அவற்றை வைத்துக்கொண்டு வருத்தமே இல்லை என்பது, ஒரு வளவை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு ஊரிலேயே மாடு இல்லை என்று சொல்வதற்குச் சமம். ஆகவே உங்களிடமுள்ள தாள்களையெல்லாம் ஒருமுறை விரித்து, எவை பார்க்கப்பட்டன, எவை ஒருபோதும் பார்க்கப்படவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். சோடியம், பொற்றாசியம் ஆகிய இரண்டின் அளவுகள் எங்காவது உள்ளனவா என்று குறிப்பாகத் தேடுங்கள்.

அந்த இரண்டையும் நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் இரண்டு சிறிய சுரப்பிகளையே அதிரினல் சுரப்பி என்கிறோம். உடலின் உப்புச் சமநிலையையும் இரத்த அழுத்தத்தையும் நோய்க்கும் களைப்புக்கும் ஈடுகொடுக்கும் வலுவையும் காக்கும் கொர்ட்டிசோல், அல்டொஸ்டெரோன் என்னும் ஹோர்மோன்கள் அங்கேதான் சுரக்கின்றன. அந்தச் சுரப்பிகள் மெல்ல மெல்ல அழியும்போது சோர்வு, மெலிவு, பசியின்மை, குமட்டல், எழுந்து நிற்கும்போது தலைச்சுற்று ஆகியவை ஒவ்வொன்றாக வந்து சேரும். உப்பு உடலில் தங்காமல் சிறுநீரோடு போவதால் நாக்கு உப்பைத் தேடும். சுரப்பியை வேலை செய்யத் தூண்டுவதற்காக மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி கூடுதலாக அனுப்பும் ஹோர்மோனே தோலில் கரு நிறத்தையும் கூட்டிவிடுவதால் ஆள் கறுப்பார். இலண்டனில் தோமஸ் அடிசன் என்ற வைத்தியர் 1855 இல் இதை விவரித்து எழுதியதால் இதற்கு அடிசன் நோய் என்று பெயர் வந்தது. அவர் பார்த்த நோயாளிகளில் பலருக்குச் சுரப்பியை அழித்தது காசநோய். மேற்கு நாடுகளில் இன்று உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தி சுரப்பியைத் தாக்குவதே முக்கிய காரணம் என்றாலும், நமது பகுதி நாடுகளில் காசநோயை இன்னும் மறந்துவிட முடியாது. மார்பில் இருமலே இல்லாமல் வயிற்றுக்குள் மட்டும் அது இருந்த நோயாளிகளையும் நான் கண்டிருக்கிறேன்.

உங்கள் கணவருக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பி12 குறைந்தாலும் சோர்வு வரும், விரல் மொழிகள் கறுக்கும். ஆனால் அதில் பெரும்பாலும் கைகால் விறைப்பும் சேர்ந்திருக்கும். தைரொயிட், இரும்புக் குறைவு, வயிற்றுக்குள் மறைந்திருக்கும் புற்றுநோய், நீடித்த காசநோய் என்று பார்க்க வேண்டியவை பல. ஆனால் இந்த ஐந்தாறு குறிகளும் ஒன்றாகச் சேரும்போது அடிசன் நோயைப் பார்க்காமல் விடுவது சரியல்ல. பார்ப்பதும் கடினமல்ல. காலை 8 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் இரத்தம் எடுத்துக் கொர்ட்டிசோலின் அளவைப் பார்ப்பது முதற்படி. பின்னேரம் எடுத்த மாதிரியில் பொருளில்லை, ஏனெனில் அந்த ஹோர்மோன் நல்ல உடம்பிலும் காலையில் கூடி மாலையில் குறையும். முதல் முடிவு ஐயத்துக்கிடமாக இருந்தால், சுரப்பியைத் தூண்டும் ஊசியைப் போட்டு முன்னும் பின்னும் அளக்கும் இன்னொரு பரிசோதனை உண்டு. அதை நிபுணர் தீர்மானிப்பார்.

வைத்தியரிடம் போவதற்கு முன் வீட்டில் நீங்களே பார்க்கக்கூடியவை சில உள்ளன, அவற்றைத் தயவுசெய்து பாருங்கள். வெயில் முகத்தையும் கையையும் கழுத்தையும் கறுப்பாக்கும். சேர்ட்டுக்குள் மறைந்த இடத்தையும் முரசையும் கறுப்பாக்காது. ஆகவே பகல் வெளிச்சத்தில் அவருடைய உள்ளங்கை ரேகைகளையும், விரல் மொழிகளையும், முரசையும், உதட்டின் உட்புறத்தையும், மண்வெட்டி பட்டோ முள் கிழித்தோ அண்மையில் ஆறிய தழும்புகளையும் பாருங்கள். நமது தோல் நிறத்தில் முரசு இயல்பாகவே சிலருக்குக் கறுப்பாக இருக்கும் என்பதால், அண்ணன் தம்பியோடு ஒப்பிட்டும் இரண்டு மூன்று வருடத்துக்கு முந்திய படங்களோடு ஒப்பிட்டும் பார்ப்பதே நல்லது. கலியாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ எடுத்த தெளிவான படம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அதை வைத்தியர் பார்க்கும்போது நீங்கள் பத்து நிமிடம் பேசியும் விளக்க முடியாதது விளங்கிவிடும். அடுத்து, பிரஷர் பார்க்கும் கருவி கிடைத்தால், ஐந்து நிமிடம் படுத்திருந்த பின் ஒருமுறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் அளந்து எழுதுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்குக் கூடுதலாக விழுந்தால் அது பொருட்படுத்த வேண்டிய செய்தி. கிளினிக்கில் நோயாளியை இருத்தி வைத்து ஒருமுறை மட்டும் பிரஷர் பார்க்கும்போது இது பிடிபடுவதில்லை.

பிறகு கதையை எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேற்படாமல். அவர் கடைசியாக முழுச் சுகத்தோடு இருந்தது எப்போது என்பதிலிருந்து தொடங்குங்கள். திகதி நினைவில்லாவிட்டால் போகத்தையும் திருவிழாவையும் வைத்து எண்ணலாம்: நல்லூர்த் திருவிழாவுக்கு நடந்து போய் வந்தார், அடுத்த வெங்காய நடுகைக்கு வரம்பில் குந்திவிட்டார் என்பதுபோல. எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது, எது கூடிக்கொண்டு போகிறது, எது வந்து வந்து மறைகிறது என்று வரிசைப்படுத்துங்கள். நிறை எவ்வளவு குறைந்தது என்பதைப் பழைய கிளினிக் கொப்பியிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டு எழுதுங்கள். "நல்லா மெலிந்துவிட்டார்" என்பதைவிட அந்த எண் வைத்தியரைக் கூடுதலாக உலுப்பும். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துகளின் பெயர்களையும் அடிக்கும்போது முகத்தை மறைக்கிறாரா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது கசம், அதாவது காசநோய், இருந்ததா என்பதை மாமியாரிடம் தனியாகவும் அன்பாகவும் கேளுங்கள். எங்கள் ஊர்களில் அதைப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாமல் மறைத்த வீடுகள் உண்டு.

அந்தப் பக்கத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டிய இன்னொன்று, அவர் விழுங்கிய எல்லா மருந்துகளின் பட்டியல். இதில் நான் கடுமையாகவே பேசவேண்டியிருக்கிறது. உடம்பு உளைவு என்று போய் நின்றால் மருந்துக் கடையில் துண்டு இல்லாமலே உறையில் போட்டுக் கொடுக்கும் சிறிய குளிசைகளில் சில வேளைகளில் கொர்ட்டிசோலைப் போல வேலை செய்யும் பிரெட்னிசொலோனோ டெக்சாமெதசோனோ இருக்கும். போட்ட அன்றே ஆள் எழுந்து நடப்பார், சாப்பிடுவார், வீடே மகிழும். ஆனால் அது வருத்தத்தை மூடி மறைக்கும். பரிசோதனை முடிவையும் குழப்பும். வாரக்கணக்கில் போட்டுவிட்டுச் சடுதியாக நிறுத்தினால் சுரப்பி உறங்கிப்போய் உயிருக்கே ஆபத்தாகும். பெயர் எழுதாத சூரணங்களிலும் இதே மருந்து கலந்திருக்கக்கூடும். ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களும் இருக்கக்கூடும். சித்த மருத்துவத்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கைதடியில் சித்த போதனா வைத்தியசாலையே இருக்கிறது, பட்டம் பெற்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் காட்டினால் என்ன மருந்து தருகிறார்கள் என்று எழுதி வாங்கலாம். எழுதித் தர மறுக்கும் யாரிடமும் மருந்து வாங்க வேண்டாம். அவர் இப்போது ஏதாவது குளிசையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தால், வைத்தியரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

எங்கே காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதுவரை நீங்கள் வயிற்றுக்கு ஒருவர், நெஞ்சுக்கு ஒருவர், தலைச்சுற்றுக்கு ஒருவர் என்று சனல் செய்து காட்டியிருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் தமது பகுதியை ஒழுங்காகவே பார்த்திருக்கிறார்கள். முழு ஆளையும் பார்க்கும் ஒருவர் இல்லாமல் போனதுதான் குறை. ஆகவே ஒரு பொது வைத்திய நிபுணரைத் தெரிவுசெய்து அவரிடமே தொடர்ந்து போங்கள். யாழ் போதனா வைத்தியசாலையின் மருத்துவ கிளினிக்குக்கோ, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ உங்கள் ஊர் வைத்தியரின் கடிதத்துடன் போகலாம், செலவில்லை. ஹோர்மோன் சம்பந்தமானது என்று தெரிந்தால் போதனா வைத்தியசாலையிலேயே அதற்கான நிபுணர் பிரிவுக்கு அனுப்புவார்கள். கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான் என்பதால், முதல் வாக்கியத்திலேயே "ஒரு வருடமாக மெலிகிறார், எழுந்தால் தலை சுற்றுகிறது, ஆள் கறுத்துவிட்டார், உப்புக் கேட்கிறார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைக் கொடுங்கள். வருத்தத்தின் பெயரை நீங்கள் சொல்லத் தேவையில்லை. "அதிரினல் சுரப்பியையும் பார்க்க வேண்டுமா, ஐயா?" என்று மரியாதையாகக் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. வார்டில் மறித்துப் பார்க்க வேண்டுமென்றால் சம்மதியுங்கள். துண்டு வெட்டும்போது தரும் நோய் நிர்ணய அட்டையைத் தங்கநகையைப்போலப் பத்திரப்படுத்துங்கள்.

சொல்வது விளங்காவிட்டால் தமிழில் இன்னொருமுறை சொல்லும்படி கேட்க வெட்கப்படாதீர்கள். 1847 இல் இங்கு வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் மானிப்பாயில் இருந்து மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கிய மண் இது. உங்கள் கணவரின் வருத்தத்தை உங்கள் மொழியில் கேட்டு அறிவது நீங்கள் கேட்கும் சலுகை அல்ல.

மைத்துனரின் யோசனைக்கு வருகிறேன். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறப்பதால் இப்போது இந்தியா பக்கத்து ஊர் போலாகிவிட்டது. அங்கே போய் நன்மை பெற்றவர்கள் உண்டு. ஆனால் என்ன கேள்விக்கு விடை தேடிப் போகிறோம் என்று தெரியாமல் போனவர்கள், முழு உடற் பரிசோதனை என்ற பெயரில் செய்ததையே மறுபடி செய்து, காணி ஈடு வைத்த காசைக் கரைத்துவிட்டு, தடித்த கோவையோடு திரும்பியதையும் பார்த்திருக்கிறேன். நான் மேலே சொன்னவற்றை இங்கேயே செய்யலாம். இங்கு செய்ய முடியாதது இன்னது என்று நிபுணர் சொன்னால், அப்போது கொழும்போ சென்னையோ வேலூரோ, அதற்காக மட்டும் போங்கள். மைத்துனர் உதவ விரும்பினால், இந்த மாதங்களில் தோட்டத்துக் கூலிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அது உண்மையான உதவி.

மன அழுத்தம் என்று சொன்ன வைத்தியரை முற்றாகத் தள்ளிவிடவும் வேண்டாம். 1995 இல் வலிகாமமே ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது உங்கள் கணவர் சிறுவனாக நடந்திருப்பார். அந்தக் காலங்களைக் கடந்த பலரின் துயரம் நெஞ்சடைப்பாகவும் பெருமூச்சாகவும் தலைவிறைப்பாகவும் வெளிப்படுவதை இங்குள்ள மனநல வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கண்டு எழுதியிருக்கிறார்கள். அந்த வலி நடிப்பல்ல. அதற்கும் சிகிச்சை உண்டு. நான் மறுப்பது ஒன்றைத்தான்: வேறொன்றும் அகப்படவில்லை என்பதற்காக, மிச்சமாக விழுந்த பெயராக மனநோயை எழுதுவதை. மனச்சோர்வு என்றால் அதற்குரிய அடையாளங்களைக் கேட்டறிந்து, இருக்கிறது என்று கண்டுதான் சொல்லவேண்டும். மன அழுத்தம் நிறையைக் குறைக்கலாம், ஆனால் உள்ளங்கை ரேகையைக் கறுப்பாக்காது. இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன்: கொர்ட்டிசோல் குறைந்தவர்களுக்கு எரிச்சலும் மந்தமும் பேச்சின்மையும் வருவதுண்டு. ஆகவே அவருடைய மௌனத்தை உங்கள்மீதுள்ள வெறுப்பு என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம்.

மாமியாரோடு சண்டை பிடிக்காதீர்கள். செய்வினை என்பதற்குள் மகனை இழந்துவிடுவேனோ என்ற பயம்தான் இருக்கிறது. சந்நிதிக்கு நேர்த்தி வைக்கட்டும், நூல் கட்டட்டும். அவை மருந்துக்குக் குறுக்கே நிற்பதில்லை. கழிப்புக் கழிக்கிறோம் என்று நாட்கணக்கில் பட்டினி போடுவதையும் மருந்தை நிறுத்தச் சொல்வதையும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முடிந்தால் அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிப்போங்கள். வைத்தியர் வாயால் கேட்டால் வீட்டில் பாதிப் பேச்சு ஓய்ந்துவிடும்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள்: இரவில் அவர் மூச்சு விடுகிறாரா என்று எழுந்து எழுந்து பார்ப்பதாக. இதை இப்படியே பல மாதம் செய்ய எந்த மனிதராலும் முடியாது. வாரத்தில் சில இரவுகளாவது அவருடைய தம்பியையோ உங்கள் சகோதரியையோ வந்து தங்கச் சொல்லிவிட்டு நீங்கள் நித்திரை கொள்ளுங்கள். பிரஷரையும் நிறையையும் வாரத்துக்கு ஒருமுறை எழுதினால் போதும். நாள் முழுவதும் அவர் முகத்தையே பார்த்து அளந்துகொண்டிருந்தால் அவருக்கும் அது பாரம். "உங்களுக்கு வருத்தம் இருக்கிறது, நான் நம்புகிறேன், கண்டுபிடிக்கும்வரை கூட வருவேன்" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊரும் வீடும் நடிப்பு என்று சொல்லும்போது ஆண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். மூடிய வாயிலிருந்து வைத்தியருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை. உங்களுக்கே தாங்க முடியாமல் வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

ஒரு விடயத்தில் மட்டும் பொறுமை வேண்டாம். விடாத சத்தி, வயிற்றோட்டம், கடும் வயிற்று வலி, மயங்கி விழுதல், ஆள் குழம்பிப் பேசுதல் இவற்றில் எதுவும் வந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காதீர்கள். 2018 முதல் எங்கள் மாகாணத்திலும் ஓடும் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், உடனே அழையுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் அந்த ஒரு பக்கத்தைக் கொடுத்து, அதிரினல் சுரப்பிக் குறைபாடு இருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு என்று சொல்லுங்கள். அது உண்மையாக இருந்தால் சேலைனும் ஹைட்ரோகொர்ட்டிசோன் ஊசியும் தாமதமில்லாமல் ஏற்றப்பட வேண்டும். பரிசோதனை முடிவு வரும்வரை அதை நிறுத்திவைக்க மாட்டார்கள்.

காலைக் கொர்ட்டிசோலும் சோடியமும் பொற்றாசியமும் நோர்மலாக வந்தால், அது தோல்வி அல்ல. ஒரு பெரிய வழி அடைக்கப்பட்டு மற்ற வழிகள் தெளிவாகின்றன. அப்போது நிபுணரிடம், "அடுத்ததாக எதை நினைக்கிறீர்கள், அதை எப்படிப் பார்ப்பீர்கள், எந்த மாற்றம் கண்டால் நாங்கள் முந்தி வரவேண்டும்?" என்ற மூன்றையும் கேட்டு விடையை அதே கொப்பியில் எழுதுங்கள். மார்புப் படம், காசநோய்ப் பரிசோதனை, பி12, தைரொயிட், வயிற்று ஸ்கான் ஆகியவற்றில் விடுபட்டவை அந்த வரிசையில் வரும். குறைபாடு என்றே வந்தால், குளிசையால் அந்த ஹோர்மோனை ஈடுசெய்யலாம். வாழ்நாள் முழுவதும் எடுக்கவேண்டும், கந்தசஷ்டி விரதத்திலும் விடக்கூடாது, காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்டவேண்டும், ஆனால் அவர் மறுபடி தோட்டத்துக்கு இறங்குவார். எந்த முடிவு வந்தாலும் தாளிலுள்ள எண்களை அலகுகளோடும் இரத்தம் எடுத்த நேரத்தோடும் எனக்கு எழுதுங்கள்.